இடது தோளில் ஒரு வாசனை

வெனெதா தையல் ஆலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தாள். இத்தாலிக்குப் போகும் ஆண்கள் சட்டைக்குக் காலர் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. காலமெல்லாம் ஆவியில் நின்றதில் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. வயசு முழுக்க முழங்காலில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. துணியிடம் எதையும் மறைக்க முடியாது என்பாள். எத்தனை அலசு அலசினாலும் கம்பளிக்குள் போய்ப் பதுங்கியதை ஆவி கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடும். பூண்டு, புகையிலை, டீசல், நாய் எல்லாம் அவளிடம் அகப்பட்டிருக்கின்றன.

இதுவும் அப்படித்தான் அகப்பட்டது. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் மூன்று தெரு தாண்டி வந்து அவள் வீட்டு ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் விதின் ஊரில் அந்த மாதத்தில் சூரியனை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. புருஷன் மெதோதியின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை மேசைமேல் விரித்து, ஈரத்துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை இடது தோளில் வைத்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அதோடு சேர்ந்து ஒரு பெண்பிள்ளையும் எழுந்து வந்தாள்.

வேறெப்படிச் சொல்வது. சோப்பு வாசனை இல்லை, சலவைத்தூள் இல்லை. விலை கூடிய சென்ட். மெல்லிய இனிப்பும் அதற்கு அடியில் மழையில் நனைந்த மரக்கட்டை போல ஏதோ ஒன்றும். வெனெதா பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். வலது தோளில் இல்லை. மார்பில் இல்லை. இடது தோளில் மட்டும், ஒருத்தி தலை சாய்க்கிற இடத்தில் மட்டும் இருந்தது.

மெதோதி அப்போது கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன் முன்பு ருமேனியாக் கரைக்குப் போய்வந்த ஃபெரியில் கயிறு வீசுகிறவனாக இருந்தான். பாலம் கட்டியதும் ஃபெரி நின்றது. இப்போது தானியக் கிடங்கில் விடிகாலையிலிருந்து மதியம் வரைக்கும் காவல். மதியத்துக்கு மேல் வீடு, அடுப்பு, ரேடியோ. சமையல் அவன் கையில்தான். பேசத் தெரியாத மனுஷன். அவனுக்கு ஒருத்தி இருப்பாள் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். வெனெதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வான். பொய் சொல்லத் தெரியாத ஆள் பொய் சொல்லத் திணறுவதைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அவளுக்கு முதலில் யார் என்று தெரிய வேண்டும். அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம் கச்சேரியை என்று சட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அவளுக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மறு வாரம் பிற்பகல் ஷிப்டு. காலை ஷிப்டு வாரத்தில் சட்டையில் ஒன்றும் இல்லை. பிற்பகல் ஷிப்டு வாரத்தில், அவள் இரண்டு மணிக்கு ஆலைக்குள் போய் ராத்திரி வெளியே வரும் நாட்களில், அந்த வாசனை வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரோ ஒருத்தி அவளுடைய வேலை நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு வருகிறாள். அது அவளைச் சுட்டது.

கடைத்தெருவில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒரு சந்துபோல இருக்கிறது கிச்காவின் சென்ட் கடை. பெரிய பெரிய துணி வடிவமைப்பாளர்கள் பேரில் பாரிஸிலும் மிலானிலும் விற்கிற வாசனைகளின் சாயலை, குடுவையிலிருந்து ஊற்றிக் கொடுக்கிற கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பேர் சொல்லி யாரும் கேட்பதில்லை. காலி பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டி, “நாப்பத்தேழு” என்றால் போதும். எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு அப்படி ஒரு எண் உண்டு. பல்வைத்தியரின் மனைவி ஒன்பது. தபால் ஆபீஸ்காரி அறுபத்திரண்டு. கல்யாண வீட்டில் இரண்டு முப்பத்தெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வெனெதாவுக்கு எண் கிடையாது. அவள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். கம்பளிச் சட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். தங்கச்சி மகளுக்கு வாங்க வேண்டும், அவள் போடுகிற வாசனை இந்தத் துணியில் இருக்கிறது என்று ஏதோ சொல்லி வைத்தாள். கிச்கா ஜலதோஷத்தில் சிவந்துபோன மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“உனக்குத் தங்கச்சி ஏது வெனெதா?”

வெனெதா பாலித்தீன் பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“துணியைத் தூக்கிட்டு வர்ற மொத ஆளு நீன்னு நெனச்சுக்காத. வருசத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க. போன வருசம் ஒருத்தி தலகாணி உறையவே கொண்டாந்தா. உக்காரு. காப்பி குடிக்கிறியா?”

காப்பி குடித்தார்கள். கிச்கா சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் மூக்கு இந்த மாதம் முழுக்க விடுமுறையில் இருக்கிறது என்றாள். இருந்தாலும் ஐந்தாறு குடுவைகளை இறக்கினாள். காகிதப் பட்டையில் அடித்து அடித்து நீட்டினாள். வெனெதா ஒரு கையில் பட்டையும் ஒரு கையில் சட்டையுமாக மாற்றி மாற்றி முகர்ந்தாள். நடுவில் மூக்கைத் தெளியவைக்கக் காப்பிக்கொட்டைக் கிண்ணம். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது. எதுவும் பொருந்தவில்லை.

“இப்பிடிப் பொருந்தாது. இது ஒரு நாள் பழசு, அதுவும் நீ ஆவி காட்டி எழுப்பினது. பட்டையில அடிச்சது இப்பப் பொறந்த குழந்த. ரெண்டையும் பக்கத்துல வெச்சா எப்பிடி? தோல்ல போட்டுக்கிட்டுப் போ. ஷிப்டு முடியறப்ப என்ன மிச்சம் இருக்குதோ, அதைச் சட்டையோட வெச்சுப் பாரு.”

“தெனமும் ஒண்ணா?”

“ஒரு கைக்கு ஒண்ணு. உனக்குக் கை ரெண்டு இருக்குதே.”

அப்படித்தான் ஆரம்பித்தது. பிற்பகல் ஷிப்டு வாரத்தில் ஆலைக்குப் போகும் வழியில், காலை ஷிப்டு வாரத்தில் முந்தின நாள் சாயங்காலமே வந்து, வலது மணிக்கட்டில் ஒன்று இடது மணிக்கட்டில் ஒன்று அடித்துக்கொண்டு போவாள். தோல்பையில் சட்டையின் இடது தோள் தையலிலிருந்து பிரித்து எடுத்த ஒரு கம்பளி நூல் இருக்கும். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போனதும் நூலைப் பெட்டி ஆவியில் ஒரு கணம் காட்டி முகர்வாள். பிறகு மணிக்கட்டை முகர்வாள். இல்லை என்று தலையை ஆட்டிக்கொள்வாள். பிறகு அடுத்த காலர்.

ஒவ்வொரு வாசனைக்கும் அவள் ஒருத்தியை உண்டாக்கினாள். பதினாறு போட்ட அன்று, வெண்ணிலா மணக்க மணக்க, ரொட்டிக்கடையில் நிற்கும் புஷ்டியான பெண் ஒருத்தி மெதோதியின் தோளில் சாய்ந்தாள். ஐம்பத்தொன்று காரமாக இருந்தது. அது வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறவள், விரல் நகம் சிவப்பு. எழுபது முழுக்க ரோஜா. அவள் விதவையாக இருப்பாள், வாரம் தவறாமல் கல்லறைக்குப் போவாள், போகிற வழியில் இவனைப் பார்ப்பாள். ஒவ்வொருத்தியையும் வெனெதா மனசுக்குள் நிறுத்திவைத்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். சாயங்காலம் அந்த வாசனை நூலோடு பொருந்தாமல் போனதும் அவளை விட்டுவிட்டு அடுத்தவளைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிலரை விட்டுப் பிரிய அவளுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஆலையில் இதெல்லாம் தெரியாமல் போகுமா. பக்கத்துப் பலகையில் கைப்பட்டி தேய்க்கிற சேவ்தாவுக்கு மூக்கு நீளம், நாக்கு அதைவிட நீளம். வெனெதாக்கா தினம் ஒரு மணத்தோடு வருகிறாள் என்று பொத்தான் பிரிவு வரைக்கும் சொல்லிவிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் ஊறுகாய்க் கோசும் ரொட்டியும் தின்னும்போது மெல்லக் கிளறினாள்.

“யாருக்கா அந்த ஆளு? நாங்களும் தெரிஞ்சுக்கறோமே.”

“எனக்கு இருக்குற ஒருத்தனே ஜாஸ்தி. கோசத் தின்னுடி.”

“திங்கட்கெழம ஒரு வாசம், செவ்வாக்கெழம ஒரு வாசம். ஒருத்தனுக்கு இத்தன தேவையாக்கா?”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெனெதாவும் சிரித்து வைத்தாள். ஊர் பேசுவது அவளைப் பற்றி, தோளில் ஒருத்தி தலைவைத்திருப்பது அவனுக்கு. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது.

வீட்டில் நடந்தது இதைவிட மோசம். மெதோதி முதல் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சூப்புக் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு, அப்படியே கொஞ்சம் நின்று மூச்சை இழுத்தான். நன்றாக இருக்கிறது என்றான். வெனெதா என்ன நன்றாக இருக்கிறது என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, நீதான் என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகப் போய்விட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை முகம் வழித்துக்கொண்டான். மதியச் சாப்பாட்டுக்கு மிளகாய் வதக்கி, ஒரு சின்னக் கிண்ணியில் பிளம்பழச் சாராயம் ஊற்றி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவனுக்காகத்தான் மணக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் பாவம். வெனெதா அந்தச் சாராயத்தைக் குடித்தாள். குடித்துவிட்டு, இப்படி முகம் வழித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இன்னொருத்தியும் எப்படி இருக்க முடியும் என்று யோசித்து யோசித்து அன்றைக்கு முழுக்கத் தலைவலியோடு படுத்துக்கிடந்தாள்.

மகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஒரே மகள், ரலித்சா. மோந்தானா ஊரில் ஒரு மரக்கடைக்காரன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல வீடு, மாடியில் மூன்று அறை. கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிறு மதியம், மெதோதி ஆற்றில் இருந்த சமயம், ரலித்சா ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. வெனெதா அவளைப் படியில் உட்காரவைத்து சூப்புக் கொடுத்தாள். கன்னத்தில் ஈரத்துணி வைத்தாள். நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னாள். ஆம்பிளை கோபம் இப்படித்தான், ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும், ஊர் என்ன பேசும். சொல்லிவிட்டு அந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள். மெதோதி வந்து கேட்டபோது, வந்தாள், போய்விட்டாள் என்றாள்.

ரலித்சா அந்த வீட்டிலும் நிலைக்கவில்லை. ஒரே மாதத்தில் அங்கிருந்து நேராக இத்தாலிக்குப் போய்விட்டாள், கிழடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. அப்பாவுக்கு மட்டும் போன் பண்ணுவாள். மெதோதி கொல்லைக்குப் போய் நின்று பேசிவிட்டு வருவான். நன்றாக இருக்கிறாளாம் என்பான். அவ்வளவுதான் அம்மாவுக்குக் கிடைக்கிற பங்கு. அம்மாவும் அதற்குமேல் கேட்க மாட்டாள். கேட்கிற உரிமையை அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று அவளுக்குத் தெரியும். வருஷங்கள் போயின. கிறிஸ்துமஸுக்கு ஒரு நாற்காலி காலியாகவே இருக்கும். இருவரும் அதைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

டிசம்பர் பிறந்து கிச்காவின் மூக்கு திறந்துகொண்டது. கடைக்குள் வெனெதா நுழைந்ததுமே சட்டையைக் கொண்டுவா, ஒழுங்காக முகர்கிறேன் என்றாள். மறுநாள் வெனெதா கொண்டுவந்தாள். முந்தின நாள் ராத்திரி புதிதாக அந்த வாசனை ஏறியிருந்தது. கிச்கா கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் தோள்பகுதியைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள்.

“இது பன்னெண்டு.”

“பன்னெண்டு போன வாரம் போட்டேனே. இது இல்ல.”

“நீ போட்டது என்னோட பன்னெண்டு. சாயங்காலம் வரைக்கும் நிக்காது, எனக்கே தெரியும். இது அசல். பாட்டில்ல அடைச்சு, பேரு போட்டு விக்கிறது. அதான் கம்பளியில இப்பிடிப் புடிச்சுக்கிட்டு நிக்குது.”

“அசலு இந்த ஊருல யாரு போடுறா?”

“இங்க வாங்கினது இல்ல வெனெதா. இந்த ஊர்க்கடையில அது கெடைக்காது. வெளிநாட்டுல இருந்து வந்தவ யாரோ.”

கிச்காவிடம் அசல் ஒரு பாட்டில் இருந்தது. குடுவைச் சரக்கு வரும்போது ஒத்துப்பார்க்க வைத்திருப்பது, அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மிச்சம். அதை எடுத்து வெனெதாவின் இரண்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் அடித்தாள். இதோடு முடித்துக்கொள், சாயங்காலம் முகர்ந்து பார், அதுதானா என்று தெரிந்துவிடும் என்றாள். தெரிந்து என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்கவில்லை. அந்த வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த நாகரிகம் உண்டு.

அன்று நிக்கோலா திருநாள். எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் கெண்டை மீனுக்குள் வால்நட்டும் வெங்காயமும் திணித்து அடுப்பில் வைப்பார்கள். மேசையைப் பகல் முழுக்க எடுக்க மாட்டார்கள், வருகிறவர்கள் சாப்பிடலாம். ஆனால் இத்தாலிக்காரனின் காலருக்குத் திருநாள் தெரியாது. வெனெதா இரண்டு மணிக்கு ஆவிக்கு முன்னால் நின்றாள். மணிக்கட்டில் முதலில் பூவும் பழமுமாகக் கூச்சல் போட்டது. மூன்று மணிக்கு அடங்கியது. நான்கு மணிக்கு நூலை ஆவியில் காட்டி முகர்ந்து, மணிக்கட்டை முகர்ந்தாள். மெல்லிய இனிப்பு, அடியில் மழையில் நனைந்த மரக்கட்டை. இரண்டும் ஒன்று.

பெட்டிக்கு அடியில் காலர் கருகியது. சேவ்தா எட்டிப் பெட்டியைத் தூக்கினாள். என்னக்கா, உடம்பு சரியில்லையா என்றாள். வெனெதா மணிக்கட்டை வேலை அங்கியில் தேய்த்துக்கொண்டே ஒன்றுமில்லை என்றாள். வெளிநாட்டிலிருந்து வந்தவள். அப்படி ஊரில் எத்தனை பேர். இத்தாலியில் கிழவர்களைப் புதைத்துவிட்டு, கொஞ்சம் காசும் நல்ல கோட்டும் அசல் சென்டுமாகத் திரும்பி வந்த பெண்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் நடையே வேறு. அப்படி ஒருத்தி முன்னால் இவள் ஆவியில் வெந்த கைகளோடு போய் என்ன பேச. ஆனாலும் பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டாள். இன்றைக்கு அவனைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாய்லர் நின்றுபோனது. குழாயெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கின. மெக்கானிக் திருநாள் சாராயத்தில் இருந்தார், நாளைக்குத்தான் வருவார். மேற்பார்வையாளர் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். பெண்கள் ஆரவாரமாகக் கிளம்பினார்கள். வெளியே இருட்டிவிட்டது. பனிமூட்டத்தில் தெருவிளக்குகள் தங்கள் காலடியைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. வீட்டுப் புகைபோக்கிகளிலிருந்து நிலக்கரிப் புகையும் மீன் வாசனையும் கீழேயே இறங்கி நின்றன. அவ்வளவு நாற்றத்துக்கு நடுவிலும் அந்தப் பன்னிரண்டு அவள் கழுத்திலிருந்து அவளுக்கு முன்னால் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

கொல்லைப்பக்கக் கதவு வழியாகப் போனாள். சமையல்கட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது, அடுப்பு அனல் தாங்காமல் அவன் அப்படித்தான் வைப்பான். மெதோதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அடுப்பிலிருந்து மீன் தட்டை இழுத்து, கரண்டியால் சாற்றை மொண்டு மீன்மேல் விட்டுக்கொண்டிருந்தான். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வெனெதா கதவைத் தள்ளினாள். மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“வந்துட்டியா ரலி. அந்தக் கதவச் சாத்தும்மா, பனி உள்ள வருது.”

வெனெதாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

“இன்னிக்காவது உள்ள வந்து உக்காரேன். எத்தன நாளைக்கு வாசப்படியிலயே நின்னு அப்பனக் கட்டிப் புடிச்சுட்டு ஓடுவ? திருநா அதுவுமா.” அவன் திரும்பவில்லை. கை முழுக்க எண்ணெய், மீன் தட்டு சாய்ந்துவிடக்கூடாது. “அவ பத்து மணிக்கு மேலதான் வருவா. பயப்படாத. உங்கம்மா இப்பல்லாம் சென்டு போடுறா, தெரியுமா. தெனம் ஒரு மணம். எனக்குச் சிரிப்பா வருது. ஒரு நா அவ கையில உன்னோட வாசன மாதிரியே இருந்துது, நீ அவளப் பாத்துட்டியோன்னு நெனச்சுட்டேன்.”

அவன் கரண்டியை வைத்துவிட்டு அடுப்புக் கதவைச் சாத்தினான்.

“அவ அன்னிக்கு உன்ன பஸ் ஏத்துனது தப்புதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஸ்டேசன் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கிட்டு, பெத்தவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்னா, எத்தன மாசத்துக்குடா இது? நான் பொய் சொல்லத் தெரியாதவன்.”

வெனெதா பின்னால் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. கதவைச் சாத்தாமல் வெளியே வந்துவிட்டாள்.

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள். ரொட்டிக்கடைக்காரியாக இருந்திருக்கலாம். வங்கிக்காரியாக இருந்திருக்கலாம். எந்தச் சிறுக்கியாக இருந்தாலும் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பாள், ஒரு வாரம் அழுதிருப்பாள், முடிந்திருக்கும். இதற்கு என்ன செய்வது. அவள் பெற்ற பிள்ளை இந்த ஊருக்கே திரும்பி வந்து, அவளுடைய ஷிப்டைக் கணக்குப் பார்த்து, அவள் இல்லாத வாரமாகப் பார்த்து அவள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகிறாள். பெற்றவளுக்கு அந்தப் பிள்ளையின் வாசனைகூட அடையாளம் தெரியவில்லை. அதை ஒரு மாதமாக எண் போட்டுத் தேடியிருக்கிறாள், திட்டிக்கொண்டே.

சமையல்கட்டு வாசலில் மெதோதி வந்து, “ரலி?” என்று ஒரு தடவை கூப்பிட்டான். பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தான் சொன்னதில் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்திருப்பான். உள்ளே போனான்.

வெனெதா கொல்லைக் குழாயைத் திறந்தாள். ஐஸ் தண்ணீர். துணி துவைக்கிற கட்டிச் சோப்பைப் போட்டுக் கையையும் கழுத்தையும் தோல் எரியும் வரைக்கும் தேய்த்தாள். மறுபடி மறுபடி தேய்த்தாள். பிறகு தெருப்பக்கம் சுற்றிப் போய், முன்கதவைச் சத்தமாகத் திறந்துகொண்டு, செருப்பைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

மெதோதி அவளைப் பார்த்ததும் வெளிறிப்போனான். கண் அவளைத் தாண்டிக் கொல்லைக் கதவுக்குப் போயிற்று. மேசையில் மூன்று தட்டு இருந்தது. ஒன்றைத் தூக்குவதா வேண்டாமா என்று அவன் கை தவித்தது.

“பாய்லரு நின்னுபோச்சு. சரி பண்ணிட்டிருக்காங்க, திரும்பப் போகணும். ஆலையில குளிரு தாங்கல, சால்வ எடுக்க வந்தேன்.”

“திரும்பப் போகணுமா?”

“பத்து மணி ஆயிரும், எப்பவும் போல.”

அவன் முகத்தில் நிம்மதி வந்து உட்கார்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அவன் அதை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆணியிலிருந்து சால்வையை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டாள். கொஞ்சம் மீன் தின்றுவிட்டுப் போயேன் என்றான். வந்து தின்கிறேன் என்றாள். கதவுவரைக்கும் போய்விட்டு நின்றாள்.

“மெதோதி, யாராவது வந்தா வாசல்ல நிக்க வெக்காத. உள்ள உக்கார வெய்யி. அடுப்புப் பக்கத்துல.”

“யாரு வரப்போறா?”

“திருநாளாச்சே. யாரு வேணா வரலாம்.”

அவன் அவளையே பார்த்தான். அவள் ஈரக் கழுத்தைப் பார்த்தான், சிவந்துபோன மணிக்கட்டுகளைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். வெனெதா கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டு மதிலோரம், விளக்கு எட்டாத இடத்தில் நின்றாள். கால் மரத்துப்போயிற்று. தெருவில் யாரோ வருகிற சத்தம் கேட்டது. குதிகால் செருப்பு, வேகமான நடை. முகம் தெரியவில்லை. கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. மெதோதியின் குரல் தாழ்ந்து ஏதோ சொன்னது, ரொம்ப நேரம் சொன்னது. வெனெதா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு சமையல்கட்டுக் கதவு உள்பக்கமாகச் சாத்திக்கொண்டது. வெளியே யாரும் திரும்பி வரவில்லை. உள்ளேதான் போயிருக்கிறாள்.

வெனெதா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆலை பூட்டிக்கிடக்கிறது. பத்து மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அதுவரைக்கும் எங்கே போவதென்று தெரியாமல் ஆற்றுப்பக்கமாக நடந்தாள்.